ஒரு கப்பலுக்கு நாலு நாடு

பிப்ரவரி 9, 2022

கரும்பு வெட்ட ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்துவிட்டது. அத்தைக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஆளுங்கள இன்னிக்கே சொல்லி வையி. காஞ்சி போச்சின்னா எடை கம்மியாயிடும்" என்று காலையிலிருந்து என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். சரி சரி என்று சொல்லிவிட்டுத் திருக்கோவிலூர் பஸ் ஏறிவிட்டேன்.

மதியம் நான் வேலை பார்க்கும் இ-சேவைக் கடையில் கூட்டமில்லை. ஜாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் வருகிறவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். சும்மா இருந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்கிற கப்பலின் பேரைக் கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்தேன். உலகத்தில் எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது, எங்கே போகிறது என்று காட்டுகிற ஒரு பக்கம் இருக்கிறது. எறும்பு மொய்த்த மாதிரி கடல் முழுக்கக் கப்பல்கள். அவருடையது ஒரு துறைமுகத்துக்கு வெளியே நிற்கிறது. கடைசியாக நகர்ந்தது நவம்பர் மாதம்.

"கப்பல் போய்க்கினு இருக்குது காசி, டவர் கெடைக்காது" என்று போன வாரம்தான் சொன்னார்.

எங்கே போய்க்கொண்டிருக்கிறது?

பிப்ரவரி 10

கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய் சொல்ல நானே இடம் கொடுத்த மாதிரி ஆகும்.

பிப்ரவரி 16

இன்று அவர் நம்பருக்கு அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள். இங்கிலீஷில் ஹலோ என்றாள். சின்ன வயசுக் குரல். பின்னால் மின்விசிறி ஓடும் சத்தம், யாரோ பாத்திரம் வைக்கும் சத்தம். கப்பல் சத்தம் இல்லை. கப்பல் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்கென்ன தெரியும்— ஆனால் அது வீட்டுச் சத்தம்.

நான் பேசவில்லை. வைத்துவிட்டேன். ஒரு பாட்டியம்மாவின் ஆதார் நம்பரைத் தப்பாக அடித்து, மறுபடி அடித்தேன்.

அத்தையிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வார் என்று தெரியும். எனக்குச் சந்தேகப் புத்தி என்று நாலு வருஷமாக மனசில் வைத்திருக்கிறார்.

பிப்ரவரி 21

கள்ளக்குறிச்சி போய் அரங்கநாதனைப் பார்த்தேன். அவரைக் கப்பலுக்கு அனுப்பிய ஏஜெண்ட் இவர்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஆபீஸ். சுவரில் பெரிய கப்பல் படம், வெள்ளை வெளேரென்று. அவர் ஏறியது அந்த மாதிரிக் கப்பல் இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்காங்கம்மா. கம்பெனில கொஞ்சம் லேட் பண்றாங்கோ. வெளிய யார்கிட்டயும் சொல்லிக்கினு திரியாதீங்க. புகார் கிகார்னு போனா அப்பறம் அவரு பேர எந்தக் கம்பெனியும் எடுக்காது."

நான் புகார் என்ற வார்த்தையையே சொல்லவில்லை. அவராக ஏன் சொல்கிறார்?

பிப்ரவரி 27

அவரிடமே கேட்டுவிட்டேன். "நவம்பர்லேர்ந்து ஒரே எடத்துல நிக்குதே, இன்னாங்க அது?" என்றேன்.

முதலில் டவர் இல்லை என்றுதான் ஆரம்பித்தார். பிறகு எல்லாம் சொன்னார். கேப்டன் ஊருக்குப் போய்விட்டாராம். முதலாளி போன் எடுப்பதில்லை. சம்பளம் இல்லை, டீசல் இல்லை, அதனால் கரண்டும் இல்லை. ஐந்து பேர் மட்டும் மிச்சம். கரைக்குப் போகவும் விடமாட்டேன் என்கிறார்களாம். மாலுமிகளுக்கு உதவி செய்கிற சங்கத்திலிருந்து ஒரு பெண் வாரம் ஒருதடவை படகில் வருவாளாம். தண்ணியும் அரிசியும் கொடுத்துவிட்டு எல்லார் போனையும் வாங்கிப்போய்ச் சார்ஜ் போட்டுக் கொண்டுவருவாளாம்.

அழகாகத்தான் இருக்கிறது கதை.

"வீடியோல காட்டுங்க" என்றேன்.

காட்டினார். இருட்டு. துருப் பிடித்த படிக்கட்டு. மழைத்தண்ணீர் பிடிக்கத் திறந்து வைத்த டிரம். ஒரு வயசான மனிதர் கயிற்றில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். "இவர்தான் ராஜு அண்ணன், சமையல். தெலுங்குக்காரரு" என்றார். அந்த மனிதர் கும்பிட்டார். நான் அவரைப் பார்க்கவில்லை. பின்னால் கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்பிள்ளைத் துணி ஏதாவது இருக்கிறதா என்று.

எல்லாம் லுங்கியும் பனியனும்தான்.

அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அதை இப்போது எழுதும்போதுதான் நினைக்கிறேன்.

மார்ச் 4

கரும்பு வெட்டி ஆலைக்குப் போய்விட்டது. அத்தைக்குச் சொல்லிவிட்டேன். அழுவார் என்று நினைத்தேன். "நடுக்கடல்ல நிக்குதுன்னா அது யாரோட போலீஸ் ஸ்டேஷன்ல வரும்?" என்று கேட்டார்.

நாலு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ஊரில் யாருக்கும் தெரியவில்லை.

மார்ச் 8

வக்கீல் பூமாலை என்று ஒருவர். கடைக்கு வருகிற பெண் ஒருத்தி சொன்னாள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்காரர். வன நிலப் பட்டா கேஸ்தான் அதிகம் நடத்துகிறாராம். கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு எதிரில் இரண்டு நாற்காலி போட்ட ஒரு அறை.

முழுக்கக் கேட்டார். பிறகு, "உங்ககிட்ட பொய் சொல்லக்கூடாதுங்கம்மா. சர்வதேசச் சட்டம்னு காலேஜ்ல ஒரே ஒரு பேப்பர் படிச்சேன். பாஸ் மார்க்குதான்" என்றார்.

இந்த ஆளை நம்பி எப்படி? எழுந்துவிடலாமா என்று பார்த்தேன். அவர் நாற்காலி மேல் ஏறி, பீரோ மேலிருந்து தூசி தட்டி, ஒரு தடிப் புத்தகத்தை எடுத்தார். பக்கத்தைப் புரட்டப் புரட்ட நானும் பார்த்தேன். போர், தூதர்கள், அகதிகள், மனித உரிமை, கடல், வானவெளி, வியாபாரம் என்று பாகம் பாகமாகப் போகிறது.

"வானவெளிக்குக்கூடவா சார் சட்டம்?"

"ஆமாங்க. நிலாவ எந்த நாடும் தன்னுதுன்னு சொல்லக்கூடாதுன்னு ஒப்பந்தம் இருக்குது."

"நிலாவுக்கு இருக்குது. எங்க வூட்டுக்காரருக்கு இல்லியா?"

அவர் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்துக் கப்பல் மாதிரி ஒன்று வரைந்தார். "உங்க வூட்டுக்காரரு கப்பல்ல நாலு நாடு இருக்குதுங்கம்மா. முதலாளி ஒரு நாடு. கப்பல்ல பறக்குற கொடி வேற நாடு, அங்கதான் பதிவு பண்ணியிருப்பாங்க. நிக்கிற தண்ணி இன்னொரு நாடு. ஆளுங்க நம்ம நாடு. கப்பலுக்குள்ள நடக்குறதுக்கு மொத பொறுப்பு கொடி நாட்டுக்கு. கரையோரமா வந்து நின்னா அந்தத் துறைமுக நாட்டுக்கும் அதிகாரம் உண்டு. நம்ம தூதரகம் தன் ஆளப் போய்ப் பாக்கலாம், பேசலாம், வக்கீல் வெச்சுக் குடுக்கலாம். கதவ ஒடச்சுக் கூட்டிக்கினு வர முடியாது."

கொடி எந்த நாடு என்று போனில் பார்த்துச் சொன்னேன். ஒரு தீவு. பேரே கேள்விப்பட்டதில்லை. எங்கள் தாலுகாவில் பாதிகூட இருக்காது. வீட்டுக்காரரும் அங்கே போனதில்லை, முதலாளியும் அங்கே இல்லை, கப்பலும் அங்கே போனதே இல்லை. ஆனால் சட்டம் அங்கே இருக்கிறதாம்.

துறைமுகம் இருக்கிற நாட்டின் பேரை இந்த நோட்டில் எழுதப்போவதில்லை. எழுதினால் அவரைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று ஒரு பயம். முட்டாள்தனம்தான். இருந்தாலும் எழுதமாட்டேன்.

மார்ச் 15

மறுபடி பூமாலை. இந்த ஒரு வாரமாகப் படித்திருக்கிறார், தெரிகிறது. மாலுமிகளுக்கென்று தனியாக ஓர் உலக ஒப்பந்தம் இருக்கிறதாம். இரண்டு மாசம் சம்பளம் இல்லாமல் போட்டாலோ, சோறு தண்ணீர் இல்லாமல் விட்டாலோ, கைவிட்டதாகக் கணக்கு. அப்போது இன்சூரன்ஸ் கம்பெனி ஆட்களை ஊருக்கு அனுப்பவேண்டும். அந்த இன்சூரன்ஸ் சான்றிதழைக் கப்பலில் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டியிருக்கவேண்டும்.

"கையெழுத்துப் போட்ட நாட்டத்தான் ஒப்பந்தம் கட்டுப்படுத்தும். நல்லவேளையா அந்தத் தீவு போட்டிருக்குது" என்றார்.

"போடாத நாடா இருந்தா?"

"எல்லா நாடும் ரொம்ப காலமா நடந்துக்கினு வந்தா அதுவும் சட்டம்தாங்க. வழக்கம்னு பேரு."

"கேக்கலன்னா பிடிக்கிறதுக்குப் போலீஸ் யாரு சார்?"

"போலீஸ் இல்லீங்க."

போலீஸ் இல்லாத சட்டம். வேலி இல்லாத நிலம்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "எழுபத்தாறு வரைக்கும் எங்க மலை ஜாகிர்தாருங்க கையில இருந்துது. கீழ இருக்குற சட்டம் மேல ஏறவே இல்ல. அவங்க சொல்றதுதான் சட்டம். அப்பறம் ஏறுச்சு. ஜனங்க கேட்டுக்கினே இருந்தாங்க."

"ஏற எவ்ளோ வருஷம் ஆச்சு சார்?" என்றேன்.

அவர் புத்தகத்தை மூடினார்.

மார்ச் 20

வீட்டுக்காரர் அந்தச் சான்றிதழைப் போட்டோ எடுத்து அனுப்பினார். சாப்பாட்டு அறைச் சுவரில்தான் இருந்ததாம். இத்தனை மாசமாக அதன் கீழே உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்கிறார்கள். தேதி இன்னும் முடியவில்லை.

முடிந்திருந்தால் எல்லாமே ஏமாற்று என்று சந்தேகப்படச் சுலபமாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 2

கோர்ட்டுக்கு எதிர் டீக்கடையில் பூமாலையும் அரங்கநாதனும். சேர்ந்து டீ குடிக்கிறார்கள். அரங்கநாதன் தோளில் பூமாலையின் கை. இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.

நான் பஸ்ஸிலிருந்து இறங்கவே இல்லை. அப்படியே அடுத்த ஸ்டாப் போய்த் திரும்பி வந்தேன்.

எல்லாரும் ஒரே கூட்டம். நான்தான் பைத்தியம் மாதிரி போட்டோவையெல்லாம் இந்த வக்கீலிடம் கொடுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 11

பூமாலை நாலு தடவை போன் செய்தார். எடுக்கவில்லை.

ஏப்ரல் 14

புத்தாண்டு. அத்தை பாயசம் வைத்தார். யாரும் குடிக்கவில்லை.

ஏப்ரல் 19

வீட்டுக்காரர் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். துறைமுகத்துக் கோர்ட்டிலிருந்து ஓர் ஆள் படகில் வந்தாராம். டீசல் போட்டவனுக்குக் கடன் பாக்கி என்று கப்பலையே கோர்ட் கைது செய்து வைத்திருக்கிறதாம். கேப்டன் இல்லாததால் கப்பலுக்குக் காவலாக ஒரு பேர் வேண்டுமாம். ஒருத்தர் கையெழுத்துப் போட்டால் மற்ற நாலு பேரும் உடனே ஊருக்குப் போகலாம்.

"நான் போட்டுடறேன்னு சொல்லிட்டேன் காசி. மத்தவங்களுக்கு வயசாயிடுச்சு. எனக்கும் பத்து பதினைஞ்சு நாள்ல விட்டுடுவாங்களாம்."

"எந்த பாஷைல எழுதியிருக்குது?"

"அவங்க பாஷைலதான். அந்தாளு படிச்சுச் சொன்னாரு."

"போடாதீங்க."

"இன்னாடி நீ—"

"நம்ம தூதரகத்து ஆளு படிச்சுச் சொல்ற வரைக்கும் போடாதீங்க. கேட்டா ஒடம்பு சரியில்லன்னு சொல்லுங்க. கையில அடின்னு சொல்லுங்க. போடாதீங்க."

"உனுக்கு எல்லார் மேலயும் சந்தேகம். எம்மேலயும் சந்தேகம்தான். எனுக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கினியா?"

வைத்துவிட்டார்.

ஏப்ரல் 20

வேறு வழியில்லை. பூமாலையிடமே போனேன். டீக்கடையில் பார்த்ததை முகத்துக்கு நேராகக் கேட்டேன்.

"அரங்கநாதன் வெறும் புரோக்கருங்கம்மா. ஆள் எடுக்க லைசென்ஸ் இருக்குறது மும்பைல ஒரு கம்பெனிக்கு. அது பேரு வேணும். சிரிக்காம கேட்டா சொல்வானா?" என்றார். கம்பெனி பேர், லைசென்ஸ் நம்பர் எல்லாம் வாங்கி வைத்திருந்தார். தூதரகத்துக்கும் கப்பல் துறைக்கும் இன்சூரன்ஸுக்கும் எழுதியாகிவிட்டது. என்னிடம் சொல்லத்தான் அந்த நாலு போனும்.

நம்பிவிட்டேனா? முக்கால்வாசி.

காவல் கையெழுத்தைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மாறியது. "பத்து நாளா? கப்பல் ஏலம் போற வரைக்கும் அந்தப் பேரு அங்கதான் இருக்கும். வருஷக்கணக்குலகூட ஆயிருக்குது. கப்பலு கைதி. அதோட பேர் போட்டவனும் கைதி மாதிரிதான். கைய நீட்டிட்டா இன்சூரன்ஸ் டிக்கெட் எடுத்துக் குடுத்தாலும் துறைமுகம் விடாது."

பூமாலை சொன்னதையெல்லாம் பேசிப் பதிவு செய்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். கேட்டதாகக் காட்டுகிறது. பதில் இல்லை.

ஏப்ரல் 29

பதில் இல்லை. போட்டுவிட்டாரோ?

மே 6

தூதரகத்திலிருந்து கப்பலுக்கு ஓர் அதிகாரி போனாராம். பூமாலைக்கு மின்னஞ்சல் வந்திருக்கிறது. நாலு பேரை அனுப்பச் சம்மதம் கிடைத்துவிட்டது. பட்டியலில் என் வீட்டுக்காரர் வீரமுத்து பேர் இருக்கிறது.

நாலு பேர். கப்பலில் ஐந்து பேர்.

மே 23

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். இறங்கியவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்தான் என்னைப் பார்த்து நின்றார். அத்தை பார்த்தவுடன், "இன்னா கண்ணு, பாதிய எங்க உட்டுட்டு வந்த?" என்றார்.

மே 31

பேசுவதில்லை. சாப்பிடுகிறார், கழனிக்குப் போகிறார், வெட்டின தூரிலிருந்து துளிர்த்த மறுதாம்புக் கரும்புக்குத் தண்ணி கட்டுகிறார், வருகிறார். என்னைத் திட்டவும் இல்லை. என் மேல் கோபமா? அங்கே ஏதாவது நடந்ததா? அந்தப் படகுப் பெண்— வேண்டாம். இதை எழுதவே கூடாது.

ஜூன் 5

இன்று வரப்பில் உட்கார்ந்திருந்தவரிடம் போய்க் கேட்டேன். "யாரு கையெழுத்துப் போட்டாங்க?"

"ராஜு அண்ணன்."

"நான் அனுப்பினத அவருகிட்ட சொன்னீங்களா? வருஷக்கணக்குல ஆகும்னு?"

அவர் சொல்லாமல் விட்டிருப்பார் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அப்படி நினைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

"சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையா, கப்பல்ல பழகுன தெலுங்குல சொன்னேன். எல்லாம் கேட்டுக்கினாரு. 'யாராவது போட்டாத்தான் யாராவது போகலாம். நீ நேத்து கல்யாணம் கட்டினவன், நீ போ'ன்னுட்டுப் போட்டுட்டாரு." பிறகு, "நீ சொன்னது சரிதான் காசி. நான் போட்டிருந்தா நான்தான் இன்னிக்கி அங்க. அதான் பேச்சு வரல" என்றார்.

அன்றைக்கு வீடியோவில் அந்த மனிதர் என்னைக் கும்பிட்டார். நான் துணிக்கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த நாலு மாசத்தில் ஏஜெண்ட், வக்கீல், படகுப் பெண், கோர்ட் ஆள், தீவு, கட்டின புருஷன் என்று எத்தனை பேரைச் சந்தேகப்பட்டேன். எதுவுமே தெரியாமல் போட்டிருந்தால் பாவம் என்று சொல்லிவிடலாம். எல்லாம் தெரிந்து ஒருத்தர் கையை நீட்டினால் என்ன சொல்வது?

ஜூன் 9

அப்பலராஜு. ராஜு அண்ணனின் முழுப் பேர் அதுதான். ஸ்ரீகாகுளம் பக்கம். மனைவி பேர் நூகாலம்மா. வீட்டுக்காரரிடம் நம்பர் இருந்தது, போன் செய்யத்தான் தைரியம் இல்லை. நான் செய்தேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து தெலுங்கில் பேசினார்.

அந்த அம்மா கேட்ட முதல் கேள்வியை இவர் எனக்குச் சொல்ல யோசித்தார். நான் விடவில்லை.

"உன் புருஷன் மட்டும் எப்படி வந்தான்?"

வைத்துவிட்டாள். அவள் இடத்தில் நானாக இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன். இன்னும் மோசமாகக் கேட்டிருப்பேன்.

ஜூன் 13

பூமாலையிடம் போய், "இன்னொருத்தரு கேஸ் எடுப்பீங்களா? அவரு நம்ம ஊரு இல்ல, நம்ம பாஷை இல்ல" என்றேன். "தண்ணியில நிக்கிறவனுக்கு இன்னா ஊருங்க" என்று பேப்பரை எடுத்தார்.

கைவிட்ட கப்பல்களையெல்லாம் உலகத் தொழிலாளர் அமைப்பு ஒரு பட்டியலில் வைத்திருக்கிறதாம். அதில் இந்தக் கப்பலைச் சேர்க்கவேண்டும். மாலுமிகள் சங்கத்துக்கு எழுதவேண்டும். தூதரகத்துக்கு மறுபடி. தீவுக்கு மறுபடி. நூகாலம்மாவின் சம்மதமும் வேண்டும்.

அந்த அம்மா எங்களுக்கு எதற்குக் கொடுக்கப்போகிறாள்?

ஜூன் 26

கொடுத்துவிட்டாள். அவள் தம்பி ஒருத்தர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கூடவே ஒரு கேள்வி: இதில் உங்களுக்கு என்ன லாபம்?

நியாயமான கேள்வி. "உங்க அத்தான் எங்க வூட்டுக்காரர அனுப்பி வெச்சாரு" என்று எழுதச் சொன்னேன்.

ஜூலை 30

தீவிலிருந்து பதில் இல்லை. பூமாலை சொல்கிறார், கொடியைக் கொடுத்துக் காசு வாங்குகிற நாடுகள் சில உண்டு, கொடி மட்டும்தான் பறக்கும் என்று. கப்பல் பட்டியலில் ஏறிவிட்டது. அதைப் பார்த்தேன். எத்தனை கப்பல்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் எத்தனை ஆள் என்று ஓர் எண். எங்களுடையதற்கு எதிரில் 1.

ஆகஸ்ட் 17

படகுப் பெண்ணிடம் முதல்முறையாகப் பேசினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில். அப்பலராஜுவுக்குக் கால் வீங்கியிருக்கிறதாம். டாக்டரைக் கூட்டிப்போனாளாம். அவளே சமைத்து டப்பாவில் எடுத்துப்போகிறாள். பின்னால் அதே மின்விசிறிச் சத்தம். அது அவர்கள் சங்கத்து ஆபீஸ்.

தேங்க்ஸ் என்று சொன்னேன். அதற்கு மேல் இங்கிலீஷ் வரவில்லை.

செப்டம்பர் 25

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நூகாலம்மாவே போன் செய்கிறாள். இவர் இருந்தால் இவர் மூலமாக. இல்லாவிட்டால் அவள் தெலுங்கில் சொல்கிறாள், நான் தமிழில் சொல்கிறேன். அக்கா என்பது இரண்டிலும் ஒன்று.

அக்டோபர் 19

சங்கத்தின் வக்கீல் அந்த ஊர்க் கோர்ட்டில் மனுப் போட்டிருக்கிறார்: காவல் பேரை மாற்றி உள்ளூர் ஆள் ஒருத்தரைப் போடவேண்டும், நோயாளியை வைத்திருப்பது மனித உரிமைக்கு விரோதம் என்று. தூதரகமும் கடிதம் கொடுத்திருக்கிறது. கோர்ட் தள்ளி வைத்துவிட்டது.

"எல்லா வாசலையும் தட்டியாச்சு. எது தொறக்கும்னு தெரியலீங்க" என்றார் பூமாலை. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர். இதை நான் முதல் நாளே கவனித்திருக்கலாம்.

நவம்பர் 10

தள்ளி வைப்பு. மழை. கரும்பு சாய்ந்துவிட்டது.

நவம்பர் 28

புயல் எச்சரிக்கையாம் அங்கே. ஓட்ட ஆள் இல்லாத, எஞ்சின் ஓடாத கப்பல் கரைதட்டினால் துறைமுகத்துக்கே ஆபத்து. அதனால் துறைமுகமே இப்போது அவசரப்படுகிறது. உள்ளூர் ஏஜெண்ட் ஒருவர் பேரைக் காவலுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்வி. எழுத்தில் வரும்வரை நான் நம்பமாட்டேன். நூகாலம்மாவிடம் சொல்லவும் இல்லை.

டிசம்பர் 6

எழுத்தில் வந்துவிட்டது. பூமாலை போனில் படித்தார். மறுபடி படிக்கச் சொன்னேன்.

"எந்தச் சட்டம் சார் வேலை செஞ்சுது? கடல் சட்டமா, தொழிலாளர் ஒப்பந்தமா, மனித உரிமையா?"

"புயலும் சேந்துதுங்கம்மா" என்றார்.

டிசம்பர் 14

மதியம் கடையில் இருந்தேன். இவர் கட்டிங் ஆர்டர் விஷயமாக ஆலைக்குப் போயிருந்தார். நூகாலம்மா நம்பர். ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. கையிலிருந்த மனுவை அப்படியே வைத்துவிட்டு எடுத்தேன்.

ஒரே சத்தம். குழந்தைகள், யாரோ அழுகிறார்கள், நாய் குரைக்கிறது. அவள் ஏதேதோ வேகமாகச் சொன்னாள். ஒரு வார்த்தைதான் பிடிபட்டது. அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

"வச்சாடு அக்கா. வச்சாடு."

வந்துவிட்டாராம். "காட்டு" என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. போன் திரும்பியது. வாசலில் ஒரு நாற்காலி, அதில் ராஜு அண்ணன், வீங்கிய காலைப் பலகை மேல் தூக்கி வைத்துக்கொண்டு. கண்ணைச் சுருக்கி இந்தப் பக்கம் பார்த்தார். யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

நான் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். போன் கீழே விழுந்துவிட்டது.